இரண்டு கோபுரம்

நமது வீட்டுப் பீரோவில், பட்டுப் புடவைகளுக்கும் பத்திரக் கட்டுகளுக்கும் நடுவே ஒரு பழைய உறை இருக்கிறது. அதற்குள் நான்கு போட்டோக்கள் உள்ளன. நான்கும் 1986-ஆம் ஆண்டு தை மாதத்தில், கும்பகோணத்தில், நம் பாட்டனாருடைய சதாபிஷேகத்தன்று நாமே பிடித்தவை. கூடத்துச் சுவரோரமாகப் பாட்டியார் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். பின்னால் சுவரில் ஒரு தினசரிக் காலண்டர் தொங்குகிறது. காலண்டரில் தேதி வெகு தெளிவாய் இருக்கிறது. அன்றைய ராகு காலம் எப்போது, குளிகை எப்போது என்பதைக்கூடப் பூதக்கண்ணாடியின் உதவியால் படித்துவிடலாம். பாட்டியாரின் முகந்தான் தெரியவில்லை. தெரியவே இல்லை என்று சொல்வதற்குமில்லை. மார்கழிப் பனியில் எதிர் வீட்டுத் திண்ணையில் யாரோ உட்கார்ந்திருப்பது போலத் தெரிகிறது.

அவ்வருஷம் ஆடி மாதம் பாட்டியார் காலமானார். அவரை அதற்கு முன் தனியாக யாரும் படம் பிடித்ததில்லை. அதன் பிறகு பிடிப்பதற்கு அவர் இல்லை.

இந்த அனர்த்தம் எவ்வாறு நேர்ந்தது என்று நாம் ஆராயத் தொடங்கியதன் பயனாகவே, காமிராக்களைப் பற்றி நமக்குத் தெரிந்த சிறிது விஷயமும் தெரிய வந்தது. இக்காலத்தில் செல்போனை நீட்டினால் அதுவே முகத்தைக் கண்டுபிடித்துக் கொள்ளுகிறதே, இந்தப் பழங்கதை எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பரண்களிலும் பீரோக்களிலும் தூங்கிக்கொண்டிருந்த பிலிம் காமிராக்களை இளைஞர் பலர் தூசு தட்டி எடுத்து மறுபடியும் கையாளத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுடைய வீடுகளிலும் பாட்டிமார் இருப்பார்கள் அல்லவா?

*

லென்ஸ் என்பது ஒரு பிடிவாதக்காரப் பிரகிருதி. ஏதேனும் ஒரு தூரத்திலுள்ள பொருளைத்தான் அது ஒரு சமயத்தில் பூரணமான தெளிவுடன் பிலிமின்மேல் விழச் செய்யும். அதற்கு முன்னாலும் பின்னாலும் உள்ளவை போகப் போக மங்கும். லென்ஸைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்தி, நாம் விரும்பிய பொருளுக்கு அந்தத் தெளிவை வரவழைப்பதற்கே போகஸ் செய்தல் என்று பெயர். கையினால் இதைச் செய்வதற்கு இரண்டு பெரிய மார்க்கங்கள் ஏற்பட்டன. ஒன்று ரேஞ்ச் பைண்டர், மற்றொன்று எஸ்.எல்.ஆர். என்று சுருக்கமாக வழங்கும் ஒற்றை லென்ஸ் ரிப்ளெக்ஸ்.

ரேஞ்ச் பைண்டரின் தத்துவத்தை அறிந்துகொள்ள விலை கொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள். நூல் ஊசிக்கு முன்னால் போகும், பின்னால் போகும், காதுக்குள் மட்டும் போகாது. இரண்டு கண்களையும் திறந்தால் காரியம் எளிதாகிவிடுகிறது. இரு கண்களும் சிறிது இடைவெளி விட்டு அமைந்திருப்பதால், பக்கத்திலுள்ள பொருளை அவை இரண்டு வேறு கோணங்களிலிருந்து பார்க்கின்றன. அந்தக் கோண வித்தியாசத்தைக் கொண்டு மூளை தூரத்தைக் கணித்துவிடுகிறது.

ரேஞ்ச் பைண்டர் காமிராவுக்கும் இவ்வாறே முகத்தில் இரண்டு ஜன்னல்கள் உண்டு. ஒன்றின் வழியாக நாம் நேரே பார்க்கிறோம். மற்றொன்றின் வழியாக வரும் உருவம், திரும்பக்கூடிய ஒரு சிறு கண்ணாடியினாலோ பட்டகத்தினாலோ உள்ளே செலுத்தப்பட்டு, பாதி ரசம் பூசிய கண்ணாடி ஒன்றில் முதல் உருவத்தின்மேல் வந்து விழுகிறது. ஆகவே நடுவிலுள்ள சிறு கட்டத்தில் எதிரே நிற்பவருக்கு இரண்டு மூக்குகள் தோன்றுகின்றன. லென்ஸைத் திருப்பத் திருப்ப ஒரு மூக்கு மற்றதை நோக்கி நகருகிறது. இரண்டும் ஒன்றாகும்போது லென்ஸும் சரியான தூரத்துக்கு வந்து நிற்கிறது; ஏனெனில் லென்ஸையும் அந்தச் சிறு கண்ணாடியையும் ஒரு நெம்புகோல் பிணைத்திருக்கிறது.

எஸ்.எல்.ஆர். காமிராவில் இந்தக் கணக்கு வழக்கெல்லாம் கிடையாது. லென்ஸின் வழியாக வரும் வெளிச்சமே, 45 டிகிரி சாய்ந்து நிற்கும் ஒரு கண்ணாடியில் பட்டு மேலே போய்த் தேய்த்த கண்ணாடித் திரை ஒன்றில் விழுகிறது. சாய்ந்த கண்ணாடியிலிருந்து பிலிம் எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரத்திலேயே திரையும் இருக்கிறது. ஆதலால் திரையில் தெளிவாயிருந்தால் பிலிமிலும் தெளிவாயிருக்கும். பித்தானை அமுக்கியதும் கண்ணாடி மேலே மடிந்து வழி விடுகிறது; வெளிச்சம் பிலிமுக்குப் போகிறது.

வித்தியாசத்தை ஒரே வாக்கியத்தில் கூறுவதானால், ரேஞ்ச் பைண்டர் தூரத்தை அளந்து சொல்லுகிறது, எஸ்.எல்.ஆர். படத்தையே காட்டுகிறது. முன்னதில் நாம் ஓர் அளவுகோலை நம்புகிறோம். பின்னதில் நம் கண்ணை நம்புகிறோம். நம்முடைய நான்கு போட்டோக்களின் சோகக் கதை முழுவதும் இந்த வித்தியாசத்திலேயே அடங்கியிருக்கிறது.

*

இவ்விரண்டு மார்க்கங்களும் வளர்ந்த வரலாறு சுவையானது. ஜெர்மனியில் வெட்ஸ்லர் நகரத்து லைட்ஸ் தொழிற்சாலையில் ஆஸ்கர் பார்னாக் என்பவர் சமைத்த லைக்கா என்னும் சிறு காமிரா, 1925-ஆம் ஆண்டு லைப்ஸிக் சந்தையில் முதல் முதலாக விற்பனைக்கு வந்தது. சினிமாப் பிலிமையே அது உபயோகித்தது. ஆனால் தூரத்தை மட்டும் கண் மதிப்பாகவோ, தனியாக மேலே செருகும் தூரமானியைப் பார்த்தோதான் வைக்க வேண்டியிருந்தது. 1932-ல் லைக்காவும் அதன் போட்டியான காண்டாக்ஸும், லென்ஸோடு பிணைந்த ரேஞ்ச் பைண்டரைக் காமிராவுக்குள்ளேயே கொண்டு வந்தன. 1954-ல் வெளிவந்த லைக்கா எம் 3 அந்த மார்க்கத்தின் சிகரம் எனலாம். அதன் இரு ஜன்னல்களுக்கும் உள்ள இடைவெளி 68.5 மில்லிமீட்டர், அதில் உருவம் தெரியும் அளவு 0.91. இரண்டையும் பெருக்கினால் சுமார் 62 மில்லிமீட்டர் ஆகிறது. ஏறக்குறைய மனிதனுடைய இரு கண்களின் இடைவெளி! இந்தப் பெருக்குத் தொகை எவ்வளவு அதிகமோ, அவ்வளவு நுட்பமாகத் தூரத்தை அளக்கலாம்.

மற்றொரு மார்க்கம் சற்று மெதுவாக வளர்ந்தது. 1936-ல் டிரெஸ்டன் நகரிலிருந்து வந்த கினே எக்ஸாக்டாவில், காமிராவை மார்போடு வைத்துக் கொண்டு குனிந்து பார்க்க வேண்டும். திரையில் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தெரியும். குழந்தை கிழக்கே ஓடினால் காமிராவை மேற்கே திருப்பிக்கொண்டிருப்போம்! 1949-ல் காண்டாக்ஸ் எஸ் என்னும் காமிரா ஐங்கோணப் பட்டகத்தை வைத்து இந்தக் குறையைத் தீர்த்து, கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்க வகை செய்தது. மேலே மடிந்த கண்ணாடி தானே உடனே கீழே இறங்கும் வசதியை 1954-ல் ஜப்பானிய ஆஸாஹிபிளெக்ஸ் கொண்டு வந்தது. 1959-ல் நிக்கான் எப் வந்தது. அதன் பிறகு உலகத்துப் பத்திரிகைப் படக்காரர்களில் பெரும்பாலோர் சிறிது சிறிதாக எஸ்.எல்.ஆர். பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

*

நம்முடைய நண்பர்களில் வக்கீல் ஒருவர், டாக்டர் ஒருவர். வக்கீல் ரேஞ்ச் பைண்டர் கட்சி, டாக்டர் எஸ்.எல்.ஆர். கட்சி. ஞாயிற்றுக்கிழமைகளில் காப்பி ஆனவுடன் வழக்கு ஆரம்பமாகும்.

"டாக்டர்வாள்! படம் பிடிக்கிற அந்தக் கணத்தில் உம்முடைய காமிரா கண்ணை மூடிக்கொள்கிறதே, அது என்ன சாஸ்திரம்?" என்பார் வக்கீல். "கண்ணாடி மேலே போனவுடன் எல்லாம் இருட்டு. குழந்தை சிரித்ததா, கொட்டாவி விட்டதா என்பது பிலிமைக் கழுவினால்தான் தெரியும். என்னுடையதில் அந்தச் சிரிப்பை நான் கண்ணாலும் பார்க்கிறேன்."

"பேஷ்!" என்பார் டாக்டர். "போன வருஷம் உம்முடைய மைத்துனர் கல்யாணத்தில் லென்ஸின் மூடியைக் கழற்றாமலே முகூர்த்தம் முழுவதையும் எடுத்தீரே, அந்தச் சிரிப்பையெல்லாம் எங்கே பார்த்தீர், வக்கீல் ஸார்?"

வக்கீலுக்கு இதற்குப் பதில் கிடையாது. ரேஞ்ச் பைண்டரில் நாம் லென்ஸின் வழியாகப் பார்ப்பதில்லை. பக்கத்து ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். லென்ஸில் மூடி இருந்தாலும், விரல் மறைத்தாலும், ஜன்னலில் உலகம் ஜகஜ்ஜோதியாகவே இருக்கும். பிலிமில் என்ன விழுகிறது என்பதை அது அறியாது.

இருவர் பேச்சிலும் உண்மை உண்டு. நம் அநுபவத்தில் கண்ட வரையில் தீர்ப்பு இதுதான்:

மாலை விளக்கு வெளிச்சத்தில், அல்லது கூடத்தின் அரை இருட்டில், ரேஞ்ச் பைண்டர் வெகு சௌகரியமானது. அதன் ஜன்னலின் பிரகாசம் லென்ஸைப் பொறுத்ததன்று. தவிர, ஒரு கோடு மற்றொரு கோட்டோடு சேர்ந்ததா இல்லையா என்பதை மனிதக் கண் வியக்கத்தக்க நுட்பத்துடன் கண்டு கொள்ளும். ஓர் உருவம் முக்கால் தெளிவா முழுத் தெளிவா என்று தீர்மானிப்பது அதைவிடக் கடினம். அகன்ற பார்வையுள்ள 28, 35 மில்லிமீட்டர் லென்ஸ்களில் இந்த வித்தியாசம் நன்றாகப் புலப்படும். எஸ்.எல்.ஆர். திரையில் அவை எல்லாவற்றையும் சிறிதாகவும் ஏறக்குறையத் தெளிவாகவும் காட்டுவதால், எங்கே நிறுத்துவது என்று கண் தடுமாறும். ரேஞ்ச் பைண்டரோ எந்த லென்ஸை மாட்டினாலும் ஒரே நுட்பத்துடன் அளக்கும்.

ஆனால் தூரத்துப் பொருளை அருகே கொண்டு வரும் நீண்ட லென்ஸ்களுக்கு அந்த நுட்பம் போதாது. லைக்காவில் பிணைப்புடன் வழங்கிய லென்ஸ்கள் சாதாரணமாக 135 மில்லிமீட்டரோடு நின்றுவிட்டன. அதற்கு மேற்பட்டவற்றுக்கு லைக்கா செய்தவர்களே விஸோபிளெக்ஸ் என்ற கண்ணாடிப் பெட்டி ஒன்றைச் செய்து விற்றார்கள். தம் காமிராவையே எஸ்.எல்.ஆராக மாற்றிக் கொடுத்தார்கள் என்று அர்த்தம். மரத்து உச்சியில் மீன்கொத்தியைப் பிடிக்கவும், பூவின்மேல் வண்டைப் பிடிக்கவும் டாக்டரின் கட்சியே சரி. ரேஞ்ச் பைண்டர் காமிராக்கள் பெரும்பாலும் 70 சென்டிமீட்டருக்கோ ஒரு மீட்டருக்கோ உள்ளே நெருங்க மாட்டா.

எஸ்.எல்.ஆர். திரையின் நடுவில் பிளந்த வட்டம் ஒன்று இருக்கும். பாதி முகம் இடப்புறமும் பாதி முகம் வலப்புறமும் விலகி நின்று, போகஸ் ஆனதும் ஒன்று சேரும். எப் 5.6-க்கும் குறைந்த வெளிச்சமுள்ள லென்ஸை மாட்டினால் அந்த வட்டத்தில் ஒரு பாதி கறுத்துப் போகும். காமிரா கெட்டுவிட்டதென்று யாரும் பயப்பட வேண்டாம். அதன் சுபாவம் அது.

இரண்டு முறைகளுக்கும் பொதுவான ஒரு யுக்தியையும் சொல்லி வைப்போம். இரட்டை உருவத்துக்கும் பிளந்த உருவத்துக்கும் செங்குத்தான கோடு ஒன்று வேண்டும். கூரையின் ஓரம் போன்ற படுக்கைக் கோடுகளை நம்பினால் ஏமாறுவோம். அப்போது காமிராவைச் சற்றுச் சாய்த்துப் பார்க்க வேண்டும். ஜன்னல் கம்பிகளோ இன்னும் மோசம். முதற் கம்பி மூன்றாம் கம்பியின்மேல் போய் உட்கார்ந்து கொண்டு, சேர்ந்துவிட்டேன் என்று சொல்லும். முகத்தைப் பிடிக்கும்போது கண்ணின் ஒளிப் புள்ளியே உத்தமம். பாட்டிமார்கள் விஷயத்தில் வைர மூக்குத்தியைப் போன்ற உபகாரி வேறில்லை.

*

எவ்வளவு நுட்பம் தேவை என்பதற்குச் சில கணக்குகள் போதும். 50 மில்லிமீட்டர் லென்ஸை எப் 1.4 என்று முழுவதும் திறந்து, ஒரு மீட்டர் தூரத்திலுள்ள முகத்தைப் பிடித்தால், தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 3 சென்டிமீட்டர்தான். மூக்குத்தி தெளிந்தால் தோடு மங்கும். அதே லென்ஸை எப் 2-ல் வைத்து இரண்டு மீட்டர் தள்ளிப் போனால் சுமார் 19 சென்டிமீட்டர் கிடைக்கும். 35 மில்லிமீட்டர் லென்ஸை எப் 8-க்குச் சுருக்கி, தூரத்தை 5 மீட்டரில் வைத்துவிட்டால், இரண்டரை மீட்டரிலிருந்து அடிவானம் வரையில் எல்லாமே தெளிவுதான். வெயிலில் தேரோட்டத்தைப் பிடிப்பவர் ரேஞ்ச் பைண்டரையும் பார்க்க வேண்டாம். திரையையும் பார்க்க வேண்டாம். தேரைப் பார்த்தால் போதும். ஆகையினால் போகஸ் என்பது வெயிலில் விளையாட்டு; வீட்டுக்குள்ளேதான் பரீட்சை.

அந்தப் பரீட்சையில் மகத்தான காரியம் செய்தவர் பிரெஞ்சுக்காரரான ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன். 1948-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் தேதி டில்லியில் காந்தி மகானைச் சந்தித்துவிட்டு அவர் வெளியே வந்தார். சிறிது நேரத்துக்கெல்லாம் உலகத்தை உலுக்கிய அந்தச் செய்தி அவரை எட்டியது. திரும்பி ஓடினார். அன்றிரவு பிர்லா மாளிகை வாசலில் விளக்கொளியில் நின்று, ஜவாஹர்லால் நேரு ஜனங்களிடம் துக்கச் செய்தியைக் கூறிய காட்சியை அவருடைய லைக்கா பதிவு செய்தது. பளிச்சென்ற செயற்கை ஒளியை வீசிப் படம் பிடிப்பது அவருக்குப் பிடிக்காத காரியம். இருளும் மங்கலும் நிறைந்த படந்தான். ஆனால் அந்த இரவின் துயரம் அதில் இருக்கிறது. 1950-ஆம் ஆண்டு ஏப்ரலில் ரமண மகரிஷி சித்தியடைந்த சமயத்தில் திருவண்ணாமலையில் இருந்தவரும் இவரே. அளவுகோலை நம்பலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய சாக்ஷியம் வேண்டியதில்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: அளவுகோல் சரியாயிருக்க வேண்டும்.

*

இனி நம் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். நம்மிடம் இருந்தது ஜப்பானில் செய்த ஒரு பழைய ரேஞ்ச் பைண்டர் காமிரா. சிங்கப்பூரிலிருந்து வந்த நண்பர் ஒருவரிடம் தகப்பனார் விலைக்கு வாங்கியது. சதாபிஷேகத்துக்கு ஒரு மாதம் முன்பு பீரோவின் மேல் தட்டிலிருந்து அதை எடுக்கையில் கை நழுவிக் கீழே போட்டுவிட்டோம். எடுத்துப் பார்த்தோம். லென்ஸ் உடையவில்லை, பித்தான் "டிக்" என்றது. தகப்பனாரிடம் சொல்லாமல் துடைத்து வைத்துவிட்டோம்.

அன்றைக்குப் பாட்டியாரை உட்கார வைத்து, மூக்குத்தியின்மேல் மூக்குத்தியைச் சேர்த்துச் சேர்த்துப் பார்த்தோம். "ஏண்டா குழந்தே, இன்னும் எத்தனை நாழி இப்படியே உட்காரணும்?" என்று அவர் சிரித்தார். நான்கு படங்களிலும் மூக்குத்திகள் நம் கண்ணுக்கு ஒன்றாகவே சேர்ந்தன. ஆனால் கீழே விழுந்தபோது உள்ளே அந்தச் சிறு கண்ணாடி ஒரு மயிரிழை திரும்பியிருந்தது. ஒன்றரை மீட்டரில் அவர் இருக்க, லென்ஸ் அவருக்குப் பின்னால் இருந்த காலண்டரைப் பார்த்துக் கொண்டிருந்தது. டாக்டரின் எஸ்.எல்.ஆராக இருந்திருந்தால், முகம் மங்கியிருப்பது திரையிலேயே தெரிந்திருக்கும். ஆனால் அதுவும் ஹரிச்சந்திரன் என்று எண்ணிவிடலாகாது. அதிலும் அடி பட்டுக் கண்ணாடியோ திரையோ இடம் பெயர்ந்தால் இதே வஞ்சனையைச் செய்யும்.

படங்கள் வந்த பிறகு, மொட்டை மாடிக்குப் போய் லென்ஸை அடிவானத்தில் வைத்துச் சாரங்கபாணி கோவில் கோபுரத்தைப் பார்த்தோம். சேர்ந்து ஒன்றாய்த் தெரிய வேண்டிய கோபுரம், பக்கத்தில் ஒரு நிழற் கோபுரத்தோடு நின்றது. ஒரே கோவிலுக்கு ஒரே வாசலில் இரண்டு கோபுரம்! காமிரா பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொண்டு போனோம். அவர் மேலே ஒரு சிறு மூடியைக் கழற்றி, உள்ளே ஒரு திருகாணியை அரைக்கால் சுற்றுத் திருப்பினார். கால் மணி நேரம் ஆயிற்று. அந்தக் கால் மணி நேரத்தை ஒரு மாதம் முன்னதாகச் செலவிட்டிருக்கலாம்.

பழைய காமிராவைக் கையில் எடுக்கும் நேயர்கள் ஆகவே இரண்டு பரிசோதனைகளைத் தவறாமல் செய்ய வேண்டும். முதலாவது, லென்ஸை அடிவானத்துக்குத் திருப்பி, ஒரு மைலுக்கு அப்பாலுள்ள கோபுரத்தையோ சந்திரனையோ பார்ப்பது. இரண்டு உருவம் தெரிந்தால் திருகாணியில் நீங்கள் கை வைக்காதீர்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள். இரண்டாவது, ஐந்து தீப்பெட்டிகளை மேஜைமேல் சாய்வான வரிசையில் நிறுத்தி, நடுப் பெட்டிக்குப் போகஸ் செய்து, லென்ஸை முழுவதும் திறந்து ஒரு படம் பிடிப்பது. நடுப் பெட்டியே தெளிவாயிருந்தால் காமிரா யோக்கியமானது. இது எஸ்.எல்.ஆருக்கும் பொருந்தும்.

1985-ல் மினோல்டா 7000 வந்த பிறகு, போகஸ் செய்யும் வேலையை எஸ்.எல்.ஆர். காமிராக்களும் பெருவாரியாகத் தாமே மேற்கொண்டுவிட்டன. ஆயினும் லைக்கா, 2006-ல் எம் 8 என்ற டிஜிட்டல் காமிராவைச் செய்தபோதுகூட, இரண்டு மூக்கை ஒன்றாக்கும் பழைய ஜன்னலைக் கைவிடவில்லை. கையால் செய்வதில் ஒரு நிதானமிருக்கிறது. எதிரே இருப்பவரை அந்தச் சில விநாடிகள் நாம் உண்மையாகவே உற்றுப் பார்க்கிறோம்.

"படம் நன்னா வந்துதாடா?" என்று பாட்டியார் இரண்டு முறை கேட்டார். "கழுவக் கொடுத்திருக்கிறது, பாட்டி" என்று இரண்டு முறையும் சொன்னோம். மூன்றாவது முறை அவர் கேட்கவில்லை.

ஆதலின் ரேஞ்ச் பைண்டரா, எஸ்.எல்.ஆரா என்ற வழக்கை வக்கீலும் டாக்டரும் காப்பி உள்ளவரையில் நடத்திக் கொண்டிருக்கட்டும். உங்கள் கையில் எது இருந்தாலும் சரி, முதலில் மொட்டை மாடிக்குப் போய்க் கோபுரத்தைப் பாருங்கள். அது ஒன்றாகவும் தெளிவாகவும் தெரிந்தால், கீழே இறங்கி வந்து பாட்டியைக் கூப்பிடுங்கள்.